இருமினால் சிறுநீர் கசிகிறது: கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. வீட்டிலேயே சீடை, மணகோலம், தேன்குழல் எல்லாம் போட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறேன். இரண்டும் சுகப்பிரசவம்தான். மூத்தவன் 3.8 கிலோ, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். நாலு வருஷமாக இருமினால், தும்மினால், அண்டாவைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. மிளகாய் வறுக்கிற நாளில் புடவையே நனைந்துவிடுகிறது. இப்போது புதிதாக, வெளியே போய்விட்டு வந்து கதவில் சாவியைப் போட்டதும் அடக்க முடியாமல் வருகிறது. வீடியோ பார்த்து இரண்டு மாதமாகத் தினமும் 200 தடவை, சிறுநீரை அடக்கும் தசையைச் சுருக்கி விடும் கீகல் பயிற்சி செய்கிறேன். கசிவு குறையவில்லை, அடிவயிற்று வலிதான் மிச்சம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. பக்கத்து வளவு ஆச்சி, ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார். எடுத்துவிடவா? வருகிற தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டுதல் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஆச்சி சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இருமும்போது கசிகிறது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதே இல்லை. கசிவு நடக்கும் இடம் வேறு. சிறுநீர்ப்பையின் வாயையும் அதிலிருந்து வெளியே வரும் குழாயையும் கீழிருந்து தாங்கும் தசைகள் நேரத்துக்குச் சுருங்காததால் வரும் தொல்லை இது. கட்டி, அடங்காத உதிரப்போக்கு, மிகவும் கீழே இறங்கிவிட்ட கர்ப்பப்பை, புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு அந்த ஆபரேஷன் தேவைப்படலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. கர்ப்பப்பையை எடுத்த பிறகு கசிவு அப்படியே இருக்கும் பெண்கள் உண்டு, கூடிப்போனவர்களும் உண்டு. ஆச்சி நல்ல மனதோடு சொல்லியிருப்பார். இந்த விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

அடுத்தது, அந்த 200 தடவை. இன்றோடு நிறுத்துங்கள். பயிற்சி உங்களுக்குப் பலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் தசை சுருங்க வேண்டுமோ அது சுருங்குகிறதா என்று யாரும் பார்க்காமலே இரண்டு மாதம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள். கால்வாசிப் பேர், கசிவைக் கூட்டிவிடக்கூடிய விதத்தில் கீழ்நோக்கி முக்கிக்கொண்டிருந்தார்கள். வீடியோ பார்த்துச் செய்கிறவர்களைச் சோதித்துப் பார்க்கவும் ஆளில்லை.

இந்தத் தசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எளிது. முன்னால் அந்தரங்க முடிக்கு அடியில் கையால் அழுத்தினால் ஓர் எலும்பு தட்டுப்படும். பின்னால் முதுகெலும்பின் கடைசியில் வால் எலும்பு. இந்த இரண்டுக்கும் இடையில், தூளி கட்டியது போலத் தொங்குவதுதான் இடுப்புத்தளத் தசை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. மூன்றின் வழிகளும் இதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாயின் நீளம் 4 செ.மீ. அளவுதான். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறிச் சிறுநீர்ப்பையை அமுக்கும். அதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்பே இந்தத் தசை இறுகிக் குழாயை மூட வேண்டும். தசைக்குப் பலம் இல்லாவிட்டாலும் கசியும். பலம் இருந்து, இறுகுவதற்குத் தாமதமானாலும் கசியும்.

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் உள்விளிம்பு தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது. ஆயுதம் போட்டு எடுத்தால் அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் கிழிவதற்கான வாய்ப்பு இன்னும் கூடுகிறது. பிரசவத்தில் பட்ட அடி பல வருஷம் கழித்து, 40 வயதுக்கு மேல், தசை இளைக்கத் தொடங்கும்போது வெளியே தெரிவது சகஜம். அதனால் இதை நீங்கள் செய்த தப்பாக நினைத்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தொல்லைகள். இருமல், தும்மல், பாரம் தூக்கல் இவற்றில் வருவது ஒன்று. சாவி போடும்போது வரும் அவசரம் இன்னொன்று. முதலாவதில் மூடும் தசை தோற்கிறது. இரண்டாவதில் சிறுநீர்ப்பையே வேளை கெட்ட வேளையில் தானாகச் சுருங்குகிறது. இரண்டையும் சேர்ந்தாற்போல் அனுபவிக்கும் பெண்கள் நிறைய. வைத்தியம் வேறு வேறு என்பதால் பிரித்தே எழுதுகிறேன்.

வலியைப் பற்றி முதலில். வலி வந்தவர்கள் உடனே பலப்படுத்தும் பயிற்சிக்குப் போகக் கூடாது. ஓய்வே கொடுக்காமல் இறுக்கிக்கொண்டே இருந்தால் இந்தத் தசை இறுகியபடியே நின்றுவிடும். இறுகி நிற்கும் தசையால் மேற்கொண்டு சுருங்க முடியாது, அதனால் கசிவும் நிற்காது. சிறுநீர் வர ஆரம்பிப்பதற்குத் தாமதமாகிறதா, விட்டு விட்டு வருகிறதா, தாம்பத்தியத்தில் வலி இருக்கிறதா, மலம் முழுக்கப் போகாதது போல இருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடியும்வரை சுருக்கும் பயிற்சியே வேண்டாம். எதுவும் இல்லாவிட்டாலும் முதல் ஒரு வாரம் தளர்த்துவதற்காக மட்டும் செலவிடுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரு நாற்காலிமேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கை வயிற்றின்மேல் இருக்கட்டும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிறு உயரும், அதோடு ஆசனவாய்ப் பகுதியும் தளர்ந்து லேசாகக் கீழே இறங்குவது தெரியும். மூச்சை விடும்போது அது தானாக மேலே திரும்பும். நீங்களாக எதையும் இறுக்கவோ தள்ளவோ வேண்டாம். 5 நிமிடம், காலையிலும் இரவிலும்.

வலி அடங்கிய பிறகு தசையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியாமல் அடக்குவது போல முதலில் ஆசனவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து, சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுங்கள். பின்னாலிருந்து முன்னால், பிறகு மேலே. இந்த வரிசை முக்கியம். முன்பக்கத்தை மட்டும் நினைத்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அடிவயிற்றைத்தான் இறுக்குகிறார்கள்.

சரியாகச் செய்கிறீர்களா என்று வீட்டிலேயே பார்க்க முடியும். கதவைத் தாழ் போட்டுவிட்டு, கால்களை அகட்டிச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் மேடு உள்ளே போய் மேலே ஏற வேண்டும். ஆசனவாய் சுருங்கிச் சிறிதாக வேண்டும். அந்த மேடு வெளியே புடைத்தால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள். கண்ணாடி பிடிக்கக் கூச்சமாக இருந்தால் துணியின்மேல் அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். சுருக்கும்போது அந்த இடம் விரலைவிட்டு விலகி உள்ளே போக வேண்டும், விரலைத் தள்ளக் கூடாது. நகம் வெட்டிச் சுத்தமாகக் கழுவிய கட்டைவிரலைப் பிறப்புறுப்புக்குள் 2, 3 செ.மீ. விட்டுப் பின்பக்கமாக லேசாக அழுத்தியும் பார்க்கலாம். சரியாகச் சுருங்கினால் விரலைச் சுற்றிப் பிடித்து மேலே இழுப்பது தெரியும்.

அடிக்கடி நடக்கும் பிசகுகள் என்றால், மூச்சைப் பிடித்துக்கொள்வது, பிட்டத்தைக் கல்லாக்குவது, தொடைகளை ஒன்றோடொன்று நெருக்குவது, மேல்வயிறு முன்னால் தள்ளுவது. மூச்சு நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுருக்குவது. எண்ண முடியாவிட்டால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யுங்கள் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கழிக்கும் நேரத்தில் இந்தத் தசை முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் குழப்பினால் சிறுநீர் முழுக்க வெளியேறாமல் தேங்கலாம், தொற்றும் வரலாம்.

எவ்வளவு செய்வது? 1948-ல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோதே, தசை சுருங்குகிறதா என்று காட்டும் ஓர் அளவுக்கருவியோடு சேர்த்துத்தான் எழுதினார். அந்தக் கருவி மறக்கப்பட்டு, எண்ணிக்கை மட்டும் ஊர் ஊராகப் பரவிவிட்டது. இப்போது பிரிட்டனின் நைஸ் மருத்துவ வழிகாட்டுதல் சொல்வது, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம், அதுவும் தெரிந்தவரின் மேற்பார்வையில். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு 24 தான். உங்கள் 200 எங்கே, இது எங்கே. மற்ற எந்தத் தசையையும் போல இதுவும் களைக்கும். களைத்த பிறகு செய்வதை எல்லாம் பிட்டமும் தொடையும்தான் செய்யும்.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு தடவை சுருக்கி, பிடி நழுவுவது தெரியும்வரை எண்ணுங்கள். 4 வினாடி வந்தால் 4 வினாடிதான் உங்கள் தொடக்கம். 4 வினாடி பிடித்து, 8 வினாடி முழுக்கத் தளர்த்தி, எத்தனை தடவை சுத்தமாக வருகிறதோ அத்தனை தடவை. 5 தான் வருகிறது என்றால் 5. வாரம் ஒரு வினாடியோ ஒரு தடவையோ கூட்டிக்கொண்டு, 8 முதல் 10 வினாடிப் பிடிப்பு, 8 முதல் 10 தடவை என்ற இடத்துக்கு வந்து சேருங்கள். ஒவ்வொரு வேளையும் இதன் முடிவில், ஒரு வினாடியில் சட்டென்று சுருக்கி முழுக்க விடுவதை 8 தடவை செய்யுங்கள். இந்தத் தசையில் பெரும்பகுதி நின்று தாங்கும் இழை, மீதி சட்டென்று வேலை செய்யும் இழை. தும்மலை நிறுத்துவது இரண்டாவது வகை. நீளப் பிடிப்பை மட்டும் செய்கிறவர்களுக்கு நடக்கும்போது நிம்மதி இருக்கும், தும்மும்போது கசிந்துவிடும். முதல் இரண்டு வாரம் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. பட்டாலையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து செய்தாலும் யாருக்கும் தெரியாது. யாருக்காவது தெரிகிற மாதிரி இருந்தால் நீங்கள் வேறு தசையைச் சுருக்குகிறீர்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். உங்களுக்குச் சீக்கிரம் பலன் தரப்போவது இதுதான். இருமலுக்கு முன் தொண்டையில் அரிப்பு வருமே, அந்தக் கணத்தில் சட்டென்று சுருக்கி மேலே இழுத்து, பிடித்தபடியே இருமி, இருமி முடித்த பிறகு விடுங்கள். 1998-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்த முன்சுருக்கத்தை மட்டும் கற்றுக்கொண்ட வயதான பெண்களுக்கு ஒரே வாரத்தில் இருமல் கசிவு வெகுவாகக் குறைந்தது. தசை பலப்பட ஒரு வாரம் போதாது. நேரம் தப்பாமல் சுருங்கப் பழகியதே பலன் தந்தது. முதலில் இருமல் இல்லாத நேரத்தில், நின்றபடி, சுருக்கிக்கொண்டு வேண்டுமென்றே லேசாக இருமிப் பழகுங்கள். பிறகு பலமாக. மிளகாய் நெடியில் ஓர் இருமலோடு நிற்காது, வரிசையாக வரும். ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் மறுபடி சுருக்க வேண்டும். மூன்று, நாலு இருமலுக்கு மேல் பிடிப்பு தாங்காது. அதனால் நெடியையே குறையுங்கள். மிளகாய் வறுப்பதை முற்றத்துத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், ஒரே வாணலியில் கிலோ கணக்கில் வறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வறுங்கள். வெயில் நன்றாகக் காய்கிற நாளில் காயவைத்தே அரைக்கக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

தேன்குழல் பிழியும்போது உங்களையே கவனித்துப் பாருங்கள். நாழியை இரண்டு கையாலும் அமுக்கும் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்திருப்பீர்கள். பிடித்த மூச்சின் அழுத்தம் முழுக்கக் கீழே போகிறது. அமுக்கும்போது மூச்சை ஊதி வெளியே விடுங்கள், சுருக்கத்தோடு. மாவு கெட்டியாக இருந்தால் அமுக்கும் பலமும் கூடும், ஒரு கை தண்ணீர் கூடத் தெளித்துப் பிசையுங்கள். எண்ணெய் இறக்குவதும் அண்டா நகர்த்துவதும் தரையிலிருந்து வேண்டாம். முழங்கால் உயரத்துக்குக் குறையாத திண்டிலோ ஸ்டூலிலோ பாத்திரத்தை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முதலில் சுருக்கி, மூச்சை விட்டபடி தூக்குங்கள். நிறைந்த அண்டாவுக்கு இரண்டு ஆள்.

இருமலே ஏன் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. எனாலபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். பிரசோசின் வகை மாத்திரை சிறுநீர்க்குழாயின் வாயைத் தளர்த்தும். நீர் பிரியும் மாத்திரை அவசரத்தைக் கூட்டும். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டையைக் கொண்டுபோய்ப் பிரஷர் பார்க்கும் டாக்டரிடம், ‘எனக்குச் சிறுநீர் கசிகிறது, இதை மாற்ற முடியுமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களுக்கு மாற்று மாத்திரை இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது.

சாவி விஷயம். வீட்டு வாசலுக்கு வந்தோம், கழிவறை பக்கம் வந்துவிட்டது என்று மூளை பழகிவிட்டது, சாவியைக் கண்டதும் சிறுநீர்ப்பை சுருங்குகிறது. அப்போது ஓடக் கூடாது. ஓடினால் அழுத்தம் கூடும், வழியிலேயே போய்விடும். அப்படியே நின்று, சட்டென்று சுருக்கி விடுவதை 5, 6 தடவை செய்யுங்கள். தோளைத் தளர்த்தி மூச்சை விடுங்கள். கால் விரல்களைத் தரையில் அழுத்துவதும் சிலருக்கு உதவுகிறது. அவசரம் அலை போல ஏறி ஒரு நிமிடத்துக்குள் இறங்கும். இறங்கிய பிறகு மெதுவாக நடந்து போங்கள். சில நாளைக்குத் தோற்பீர்கள், பரவாயில்லை, தொடருங்கள்.

இதோடு மூன்று நாளைக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அளவு கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைக் கழிவறையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மி.லி., எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். ஆரோக்கியமான சிறுநீர்ப்பை ஒரு தடவைக்கு 300 முதல் 400 மி.லி. வரை தாங்கும், பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போனால் போதும். உங்கள் குறிப்பில் 100, 120 என்று வரிசையாக இருந்தால், ‘எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவோம்’ என்று போய்ப் போய்ச் சிறுநீர்ப்பையைச் சின்னதாகப் பழக்கிவிட்டீர்கள். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்றால், முதல் வாரம் 1 மணி 15 நிமிடம், அடுத்த வாரம் 1 மணி 30 நிமிடம் என்று 15 நிமிடமாக நீட்டுங்கள். குறைந்தது 6 வாரம் இதைச் செய்ய வேண்டும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், அவசரம் கூடும், மலமும் இறுகும். சாதாரணமாக நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். விறகடுப்புச் சூட்டில் நிற்கும் நாளில் அதற்கும் மேல். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரியான அளவு. குறைக்க வேண்டியது காபி, டீதான். நாலு தம்ளர் குடிக்கிறவர் என்றால் மெதுவாக ஒன்றுக்கு வாருங்கள்.

மலச்சிக்கல் இருந்தால் மற்ற எல்லாம் வீண். தினமும் முக்கி முக்கிப் போகிறவருக்கு எந்தப் பயிற்சியும் நிற்காது. குத்த வைத்து உட்காரும் கழிவறை இந்த விஷயத்தில் நல்லது, முழங்கால் ஒத்துழைத்தால் அதிலேயே போங்கள். மேற்கத்தியக் கழிவறை என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்காருங்கள். வாயை லேசாகத் திறந்து மூச்சை விட்டபடி வயிற்றைப் பெரிதாக்குங்கள். முக்க வேண்டாம். கீரை, கொய்யா, முழுப்பயறு தினமும் ஏதாவது ஒன்று சேரட்டும். கவுனி அரிசி வீட்டில் இருக்கும், அதிலும் நார் உண்டு. சர்க்கரையைக் கொட்டாமல் செய்து சாப்பிடுங்கள்.

பயிற்சியை ஆரம்பிக்கும் முன் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், இந்த மூன்றையும் செய்துகொள்ளுங்கள். கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கும் அடியிறக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆனால் கீழே பாரமாக இருப்பது, கழுவும்போது உருண்டையாக ஏதோ தட்டுப்படுவது எல்லாம் அதன் அறிகுறி. இறக்கம் கொஞ்சமாக இருந்தால் இதே பயிற்சி உதவும், அதிகமாக இருந்தால் உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், நேரம் காலம் இல்லாமல் சொட்டிக்கொண்டே இருப்பது இவற்றுக்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று சிறுநீர் வராமல் அடைப்பது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பிசியோதெரபிஸ்டைத் தேடும்போது முதுகுவலி, மூட்டுவலி பார்ப்பவர் எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். காரைக்குடியில் கேட்டுப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இவற்றின் மகப்பேறு புறநோயாளர் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லலாம். ‘பயிற்சி சொல்லித்தரும் முன் தசையைச் சோதிப்பீர்களா?’ என்று போனிலேயே கேளுங்கள். சோதிக்காமல் பத்து நாளைக்குக் கரண்ட் வைக்கிறேன் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். மின்தூண்டல், தசையைத் தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு உதவும் சாதனம். எல்லாருக்கும் முதல் வேலையாக வைப்பது அல்ல. ஆன்லைனில் விற்கும் கருவிகளையும் இப்போது வாங்க வேண்டாம்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்ற பயம் இருக்கலாம். தனி அறை, பெண் பிசியோதெரபிஸ்ட், கையுறை போட்ட ஒரு விரல், சில நிமிடம். சுருக்கச் சொல்லி, பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். எத்தனை வினாடி நிற்கிறது, எத்தனை தடவை வருகிறது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, தொட்டால் எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொள்வார். உங்கள் பயிற்சியின் அளவு அந்த எண்களிலிருந்துதான் வர வேண்டும். துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம். உள்பரிசோதனையே வேண்டாம் என்றாலும் வெளியிலிருந்து பார்த்தும், வயிற்று ஸ்கேன் திரையில் சிறுநீர்ப்பையின் அடி ஏறுகிறதா என்று பார்த்தும் ஓரளவு சொல்லிக்கொடுக்க முடியும்.

முன்சுருக்கத்தின் பலன் சில வாரத்தில் தெரியும். தசை தடித்துப் பலப்பட மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு. மூன்று மாதம் மேற்பார்வையோடு ஒழுங்காகச் செய்தும் போதவில்லை என்றால் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் பட்டை வைத்துத் தாங்கும் ஆபரேஷன் உள்படப் பல வழிகள் உண்டு, அதற்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. குணமான பிறகும் பயிற்சியை வாரம் சில நாளாவது தொடருங்கள். விட்டால் தசை பழையபடி இளைக்கும்.

தைப்பூசத்துக்கு நாலு மாதமாவது இருந்தால், பழனி நடைக்கு நீங்கள் தயாராகிவிடலாம். இருமல் கசிவு நடைக்குத் தடையே அல்ல. முதல் மாதம் அரை மணி நேர நடை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். முடிந்தால் ஒரு தடவையாவது குன்றக்குடிவரை நடந்து பாருங்கள். நடையின்போது தசையை இறுக்கிக்கொண்டே நடக்காதீர்கள். அது தானாக வேலை செய்யட்டும். பாரத்தைத் தலையிலும் தோளிலும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மாதவிலக்கு நாப்கின் சிறுநீரை வேகமாக உறிஞ்சாது, ஈரம் நின்று தொடை இடுக்குப் புண்ணாகும். சிறுநீர்க் கசிவுக்கென்றே மெடிக்கலில் பேட் கிடைக்கிறது, அதை 3, 4 மணி நேரத்துக்கு ஒன்று மாற்றுங்கள். கிளம்பும் முன் தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிக்கொள்ளுங்கள். பந்தலில் கொடுக்கும் மோரையும் தண்ணீரையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் மருத்துவமனைக்குப் போக வர வேண்டும், அண்டாவுக்கு இன்னொரு கை வேண்டும், அவருக்குத் தெரியாமல் இது நடக்காது. ‘பிரசவத்தில் பட்ட அடி, தசை பலம் போயிருக்கிறது, பயிற்சி எடுக்கப் போகிறேன்’ என்று மூன்று வாக்கியம் போதும்.

முதல் நாள் போகும்போது மூன்று நாள் குறிப்பு, பிரஷர் மாத்திரை அட்டை, பிரசவத்தின் பழைய சீட்டு இருந்தால் அது, மூன்றையும் எடுத்துப் போங்கள். மாதவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துத் தேதி வாங்குங்கள். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போகாதீர்கள். பை ஓரளவு நிறைந்திருந்தால்தான் இருமச் சொல்லிக் கசிவை நேரில் பார்க்க முடியும்.